மூன்று வீட்டு மாத்திரை

என் அத்தை சபீகா இதுவரை எந்த மருத்துவர் மனதையும் நோகடித்ததில்லை. அரசு சுகாதார நிலையத்தில் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். வரவேற்பறையில் செயற்கை அருவி கொட்டும் தனியார் மருத்துவமனையில் எழுதித் தந்ததையும் வாங்கிக்கொள்வாள். தன் தம்பியின் முதுகு வலிக்குத் துணையாக ஜெர்மனிக்குப் போனபோது, வந்தது வந்தோம் என்று தன்னையும் ஒருவரிடம் காட்டி, அங்கிருந்தும் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் பேரீச்சம்பழம் வந்த மரப்பெட்டி ஒன்றில் போட்டுவைத்திருந்தாள். எதற்கு இத்தனை என்று கேட்டால், "மூணு வீட்டுக்குப் போனா மூணு வீட்லயும் காபி குடிக்காம வர முடியுமா?" என்பாள்.

குவைத்தில் நாங்கள் ஏறக்குறைய எல்லோருமே இப்படித்தான். மருந்துக்குப் பெரிதாகக் காசு கேட்பதில்லை, மருத்துவர்களுக்கும் குறைவில்லை. மருந்து எழுதாமல் "நடங்கள், அளவாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவருக்குப் படிப்பு போதாது என்று முடிவு செய்துவிடுவோம். பை நிறையக் கொடுத்தால் கைராசிக்காரர். அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வந்துபோகிறவர்களுக்கும் எடுத்துக் கொடுப்போம். பெண்கள் கூடும் காலைத் தேநீரில் ஒருத்தி முட்டி வலிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு கைப்பைகள் திறக்கும். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்புறம். கொடுத்ததை வாங்காவிட்டால் கொடுத்தவள் முகம் வாடிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சபீகா அத்தை படிக்காதவள் இல்லை. கைஃபானில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியையாகச் சேர்ந்து துணைத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். அவளிடம் படித்தவர்கள் இன்றும் அவளைக் கண்டால் சூயிங்கத்தை விழுங்கிவிடுவார்கள். வகுப்பில் 'புரிந்தது' என்ற சொல்லை அவள் பதிலாகவே ஏற்றுக்கொள்ள மாட்டாள். ஊர்ப் பெயர்கள் இல்லாத வெறும் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, வந்து விரல் வை என்பாள். விரல் தப்பான கடலில் விழுந்தால், அந்தக் கடலில் நீந்திக் கரை சேரும்வரை நிற்க வேண்டியதுதான்.

அவளுடைய இன்னொரு பெருமை கார். படையெடுப்பு நடந்த ஆண்டில் தன் தாயையும், கைக்குழந்தையாக இருந்த மகன் ஃபவ்ஸானையும், அண்டைவீட்டுப் பெண்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, சாலையை விட்டு விலகிப் பாலைவனம் வழியாகத் தெற்கு எல்லைக்கு ஓட்டிப் போனவள் அவள். காலை வெயில் இடது தோளில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினாளாம். மாமாவுக்குக் கார் ஓட்டுவது என்றாலே பயம். கல்யாணமான நாள் முதல் பக்கத்து இருக்கையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்தபடியே ஊரெல்லாம் சுற்றினார். அவர் இறந்த பிறகும் அத்தை அந்த இருக்கையில் ஒரு செய்தித்தாளைப் போட்டுவைத்திருந்தாள். வாரக் கடைசியில் கைரானில் உள்ள கடற்கரை வீட்டுக்குத் தனியாகவே ஓட்டிப் போய்வருவாள்.

அந்தக் காருக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. நான் ஊர் திரும்பிய சமயம் அத்தைக்கு அவ்வப்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். ஒரு நாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது அண்டைவீட்டுப் பேரீச்சை மரத்தில் இடித்துவிட்டாள். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபவ்ஸானின் பொறுமைதான் முறிந்தது. ஓட்டுநர் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு வந்து, கூடத்தில் தாயின் எதிரே உட்கார்ந்தான்.

"உம்மா, இன்னொரு தடவை தலை சுத்திச்சுன்னா சாவி என்கிட்ட வந்துடணும்."

"சாவியை உன்கிட்ட குடுத்துட்டு நான் என்ன பண்ண? சோபாவுக்கு உறை தைக்கவா?"

"உங்க உசுரு முக்கியமில்லையா?"

"ஓட்டுற வரைக்கும் முக்கியம்தான்," என்றாள் அத்தை.

பேரம் ஒருவழியாக அப்படியே படிந்தது. இன்னொரு முறை சுற்றினால் சாவி மகனிடம். அவன் பிடித்தால் விடமாட்டான் என்பது அத்தைக்குத் தெரியும். தன் மாமனாரிடம் சாவி வாங்கியவன் இன்றுவரை திருப்பித் தரவில்லை. அந்தப் பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் நான் வந்து சேர்ந்தேன். பல வருடம் ஊர் ஊராகச் சுற்றி, ஓரிடத்தில் திராட்சை பறித்து, ஓரிடத்தில் விடுதிப் படுக்கைகளுக்கு விரிப்பு மாற்றி, ஓரிடத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் கையில் ஒரு முதுகுப்பையோடு இறங்கினால், வாப்பா வீட்டில் என் அறை தம்பியின் உடற்பயிற்சிக் கூடமாக மாறியிருந்தது. அத்தை தன் மாடியைக் கொடுத்தாள். ஃபவ்ஸான் வேலை கொடுத்தான். "லுல்வா, நீ சும்மாத்தானே இருக்க. உம்மாவைப் பாத்துக்க. தலை சுத்தினா எனக்கு உடனே போன் பண்ணு," என்றான். அதாவது உளவு வேலை. எந்த வேலையிலும் நான் ஒரு பருவத்துக்கு மேல் நிலைத்ததில்லை என்பதால், இதையாவது ஒழுங்காகச் செய்வது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தால்தான் அத்தை சாகப் பார்த்தாள்.

அத்தையிடம் தலைசுற்றலுக்குத் தெளிவான விளக்கம் ஒன்று இருந்தது. அவளோடு வேலை பார்த்த துமாதிர் என்பவள் செவ்வாய்க்கிழமை தேநீருக்கு ஆள் கூட்டுபவள். அத்தை புது வண்டி வாங்கிய வாரம், வாசலில் நின்று வண்டியைத் தடவிப் பார்த்து, "வண்டியும் அழகு, ஓட்டுற உனக்கும் வயசே ஆகல," என்று சொல்லியிருக்கிறாள். அப்படிப் புகழ்ந்த வாயால் உடனே 'மாஷா அல்லாஹ்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண்ணேறு விழும். சொல்ல வாய் திறந்த நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ காபி ஆறுகிறது என்று கூப்பிட, துமாதிர் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முதல் மயக்கம். அத்தை அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேநீருக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். முப்பது வருடப் பழக்கம். துமாதிர் போன் செய்தால், குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னாள். அத்தை அளவுக்குக் குளிக்கும் பெண் குவைத்திலேயே இல்லை என்று துமாதிர் நினைத்திருப்பாள்.

மருந்தும் அத்தையே கண்டுபிடித்திருந்தாள். ரஹஷ் என்று எங்கள் ஊர் எள் அல்வா. மயக்கம் வரும்போது ஒரு துண்டு வாயில் போட்டால் சற்று நேரத்தில் தெளிந்துவிடுமாம். வண்டியின் முன்பெட்டியில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். "கண்ணேறுக்கு இனிப்பு ஆகாது போல. வாயில போட்டதும் ஓடியே போயிடுது," என்றாள்.

நான் சிரித்தேன். எத்தனை நாட்டில் காய்ச்சலில் படுத்து எழுந்தவள் நான். எத்தனை மருந்துக் கடைகளில் சைகையாலேயே மருந்து வாங்கியவள். சர்க்கரை வியாதிக்காரி அல்வா சாப்பிட்டு மயக்கத்தைத் தெளிய வைக்கிறாளாம். இந்த நாட்டை இப்படியே விட்டுப் போனது என் தவறுதான் என்று தோன்றியது. காரியத்தில் இறங்கினேன்.

முதலில் முன்பெட்டியிலிருந்த ரஹஷ் டப்பாவை எடுத்தேன். கூடத்துத் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்தேன். காலை ரொட்டியைப் பாதியாக்கி, வெள்ளரிக்காயை இரட்டிப்பாக்கினேன். அடுத்து மரப்பெட்டி. அத்தை இதுவரை மருந்து சாப்பிட்ட விதம் கண்ணராவி. ஒரு நாள் அரசாங்க மாத்திரை, மறுநாள் அருவி வீட்டு மாத்திரை, அவசரமாகக் கிளம்பினால் எதுவுமில்லை, நினைவு வந்தால் எல்லாம். நான் வாரத்தின் நாள்களுக்கும் வேளைகளுக்கும் சிறு அறைகள் வைத்த டப்பா வாங்கினேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் எழுதியிருந்தபடி காலை மாத்திரைகளையெல்லாம் காலை அறையிலும் மதிய மாத்திரைகளை மதிய அறையிலும் போட்டேன். மறந்துவிடக்கூடாது என்று என் போனில் சேவல் கூவுவதுபோல் மணி வைத்தேன். சேவல் கூவியதும் மாத்திரையும் தண்ணீருமாக அத்தை முன்னால் போய் நிற்பேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன்.

"அப்பா, ஜெயில்ல கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க," என்றாள் அத்தை. ஆனால் மறுக்கவில்லை. சாவிக்காக அவள் சேவலையும் பொறுத்துக்கொண்டாள்.

மயக்கம் குறைய வேண்டும் அல்லவா. கூடியது. மாடிப்படியில் ஒரு முறை, தொழுகை விரிப்பை மடிக்கும்போது ஒரு முறை. இரண்டையும் ஃபவ்ஸானிடம் நான் சொல்லவில்லை. வண்டியில் நடந்தால்தான் கணக்கு என்று அத்தை வாதாடினாள். எனக்கும் என் முறை தோற்றது என்று சொல்ல மனமில்லை. உடம்பிலிருந்து நச்சு வெளியேறும் முதல் கட்டம் இது, அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். அத்தையும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, கைரானுக்குப் போகலாம் வா என்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். செய்தித்தாளை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு மாமாவின் இடத்தில் உட்கார்ந்தேன். காலையில் சேவல் கூவியிருந்தது, வெள்ளரிக்காய் சாப்பிட்டிருந்தோம். தெற்கு நெடுஞ்சாலையில் பாதி வழி தாண்டியிருப்போம். அத்தை பேச்சை நிறுத்தினாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வண்டியை மெதுவாகக் கடற்கரைப் பக்கம் திருப்பி, மணல் ஓரமாக நிறுத்தி, எந்திரத்தை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அந்த நிலையிலும் விளக்கைச் சிமிட்ட விட்டாள். பிறகு முன்பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். வெறும் பெட்டி.

"ரஹஷ்," என்றாள்.

"இனிப்பு வேண்டாம் அத்தை. தண்ணி குடிங்க."

தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தேன். தாடை வழியாக வழிந்தது. அவள் என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்லவில்லை, இறந்துபோன மாமாவின் பெயரைச் சொன்னாள். பேச்சு குழறியது. கையைப் பிடித்தால் நடுக்கத்தில் அவள் வளையல்கள் தாமாக ஒலித்தன. ஆம்புலன்ஸ் எண்ணை நினைத்தால், நான் சுற்றிய நாடுகளின் எண்களெல்லாம் வரிசையாக வந்தன. எங்கள் ஊர் எண் வரவில்லை. இத்தனை தேசம் போன எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. எங்கள் ஊரில் அது கால் இல்லாமல் திரிவதற்குச் சமம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தது. ஓடினேன். நடுவில் இருந்த பெரிய அம்மா என்னைப் பார்த்ததும், யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே, உட்கார் என்றாள். மருமகள் ஒருத்தி என் கையில் காபிக் குவளையை வைத்துவிட்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, போதும் என்பதற்கு அடையாளமாகக் குவளையை ஆட்டினேன். குடிக்காமலே ஆட்டுகிறாளே என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்றாள் பெரிய அம்மா.

வாப்பா பெயரைச் சொன்னேன், குடும்பப் பெயரைச் சொன்னேன். வாப்பாவின் சித்தப்பாவை அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மீன்பிடிப் படகைப் பற்றி ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து, அத்தை, கார், சர்க்கரை வியாதி, வியர்வை, குழறல் என்று கொட்டினேன். உடனே மூன்று கைப்பைகள் திறந்தன. ஒருத்தி தன் சர்க்கரை மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவசரத்துக்குப் பாதி போதும் என்றாள். நான் அதை வாங்கவும் வாங்கினேன். பெரிய அம்மாதான் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேர்க்குதுன்னா சொன்ன? நடுங்குதா? அட, சர்க்கரை இறங்கிப்போச்சு. எனக்கும் வந்திருக்கு. மாத்திரையைக் கீழ போடு. அந்தப் பெட்டியில ஜூஸ் இருக்கு, எடுத்துட்டு ஓடு."

மாம்பழச் சாறு. மகளோடு பின்னாலேயே வந்த பெரிய அம்மா, முழுங்க முடிகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். கால் மணி நேரம் போலிருக்கும். அத்தையின் கண்ணில் மறுபடி அத்தை வந்தாள். முதலில் என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஃபவ்ஸானுக்குப் போன் பண்ணிட்டியா?"

"இல்லை."

"நல்ல பொண்ணு."

"ஆனா பண்ணணும் அத்தை. இல்லன்னா டாக்டர்கிட்ட போகணும். ரெண்டுல ஒண்ணு."

அவள் கடலைப் பார்த்தாள். சாவி இன்னும் அவள் மடியில் இருந்தது. அதை எடுத்துப் பெரிய அம்மாவின் மகளிடம் நீட்டி, சுகாதார நிலையத்துக்குப் போ என்றாள். தான் ஓட்டக்கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் பின்னிருக்கையிலிருந்து அந்தப் பெண்ணுக்கு, கண்ணாடியைப் பார், தடம் மாறாதே, அந்த லாரிக்காரன் உனக்கு மாமனா இவ்வளவு நெருங்கிப் போகிறாய் என்று பாடம் நடந்தது. இறங்கும்போது அந்தப் பெண்ணின் நெற்றியிலும் வியர்வை. இவளுக்கும் இறங்கிவிட்டதோ என்று பயந்தேன்.

எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்து மருத்துவர் அன்ஃபால், அத்தையிடம் பூகோளம் படித்தவள். பாரசீக வளைகுடாவில் விரல் வைக்கத் தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க நின்றவள் என்று அத்தை பெருமையாகச் சொல்வாள். இன்றும் அத்தை உள்ளே நுழைந்ததும் அன்ஃபால் எழுந்து நின்றுவிட்டாள். விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தாள். ஜூஸ் குடித்த பிறகும் குறைவுதான். முகம் மாறியது. ஆனால் கேட்டது என்னவோ வழக்கமான கேள்வியைத்தான்.

"மருந்தெல்லாம் சரியா எடுத்துக்கிறீங்கதானே டீச்சர்?"

"எடுக்கிறேன்."

"சாப்பாடு எல்லாம் நான் சொன்ன மாதிரி, புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுது."

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். இத்தனை காலமும் இந்த அறையில் நடந்தது இவ்வளவுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியையைக் குறுக்குக் கேள்வி கேட்க இவளுக்குக் கூச்சம். மாணவியிடம் போய், எனக்குத் தெரியவில்லை, சொல்லு என்று கேட்க அவளுக்குக் கூச்சம். நான் பேசாமல் இருந்திருந்தால் இன்னொரு பை மருந்தோடு மரியாதையாக வீடு திரும்பியிருப்போம். ஆனால் எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. மருந்து ஒழுங்குக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லி, வாரத்து டப்பாவை மேசையில் வைத்தேன். சேவலைப் பற்றியும் சொன்னேன்.

அன்ஃபால் மறுநாள் காலைக்கான அறையைத் திறந்தாள். உள்ளேயிருந்த மாத்திரைகளை ஒரு காகிதத்தில் கொட்டினாள். இது எங்கிருந்து வந்தது, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அத்தை கைப்பையிலிருந்து பெட்டிகளை எடுத்து, விருந்தாளிக்குத் தட்டு வைப்பதுபோல் ஒவ்வொன்றாக வைத்தாள். இது உன்னுடையது. இது அருவி வீட்டுக்காரருடையது. இது ஜெர்மனி.

அன்ஃபால் அவற்றில் மூன்றைத் தனியே எடுத்து அருகருகே நிறுத்தி, அத்தை பக்கம் திருப்பினாள்.

"டீச்சர், கண்ணாடி போட்டுக்குங்க. பெரிய எழுத்தைப் படிக்காதீங்க. அதுக்குக் கீழ, எறும்பு மாதிரி இருக்கே, அதைப் படிங்க."

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டாள். முதல் பெட்டியைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மூன்றாவதற்கு வந்தபோது குரல் தாழ்ந்தது. பெட்டி மூன்று நிறம், மேலே மூன்று பெயர், கீழே எறும்பெழுத்தில் ஒரே பெயர். மூன்று கம்பெனிகள் செய்த ஒரே மருந்து. சர்க்கரையை இறக்கும் மருந்து, மூன்று பங்கு. நான் அந்தப் பெட்டிகளைத் தினமும் கையில் எடுத்தவள். ஐந்து மொழிகளில் ரயில் பலகை படிக்கத் தெரிந்தவள். எறும்பைப் பார்த்ததாக நினைவில்லை.

"அப்ப இத்தனை நாள் நான் எப்படி உசுரோட இருந்தேன்?" என்றாள் அத்தை.

"நீங்க பாதி நாள் மறந்துட்டீங்க டீச்சர். அதனாலதான். மறந்ததுல தப்பிச்சீங்க. மயக்கம் வந்தப்ப இனிப்பு சாப்பிட்டீங்க, அதுவும் காப்பாத்திச்சு."

"அப்புறம் மறக்காம குடுத்தது யாரு? இனிப்பை எடுத்தது யாரு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சரியாக அந்த நேரம் என் போனில் சேவல் கூவியது. மதிய மாத்திரை. அணைப்பதற்குள் மூன்று முறை கூவிவிட்டது.

அத்தை என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அன்ஃபால் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நான் உன் வகுப்புல என்னிக்காவது 'புரிஞ்சுதா'ன்னு கேட்டுட்டு விட்டிருக்கேனா?"

"இல்ல டீச்சர். விரல் வைக்கச் சொல்வீங்க."

"பின்ன என்னை ஏன் சும்மா விட்ட?"

"பயம் டீச்சர்," என்றாள் அன்ஃபால். அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எனக்கும் அதேதான். தெரியலன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? சரி, உக்காரு. இப்ப கேளு."

அன்ஃபால் விளக்கினாள். மூன்றில் ஒன்று மட்டும், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பிடாத நாளில் விழுங்கக்கூடாது. வியர்த்தால், நடுங்கினால், முதலில் ஜூஸ்; ரஹஷ் மெதுவாகத்தான் வேலை செய்யும். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். வண்டி எடுப்பதற்கு முன்பும் குத்திப் பார்க்க வேண்டும். சொல்லி முடித்ததும், "இப்ப நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

துணைத் தலைமையாசிரியை சபீகா முதல் முறை தோற்றாள். சாப்பிடாத நாளில் பாதி மாத்திரை என்றாள். தானே ஒரு வசதிக்குச் சேர்த்துக்கொண்டது அது. மறுபடி சொல்லச் சொன்னாள் அன்ஃபால். இரண்டாம் முறை விரல் சரியான கடலில் விழுந்தது. அன்ஃபால் மற்ற இரண்டு பெட்டிகளையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். அத்தைக்குக் கை பரபரத்தது, கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. பிறகு வலது கையை உயர்த்தி, இல்லாத ஒரு காபிக் குவளையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். போதும், நிரம்பிவிட்டது. மருத்துவர்களிடமும் குவளையை ஆட்டலாம் என்று அவள் வாழ்நாளில் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

ஓட்டுவதற்கு அனுமதி உடனே கிடைக்கவில்லை. சர்க்கரை ஒரு நிலைக்கு வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அன்ஃபால். அன்று மாலை அத்தையே ஃபவ்ஸானைக் கூப்பிட்டு, நடந்தது முழுவதையும் சொல்லி, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். என்னை எதிலும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. சேவல் வரை சொன்னேன். ஃபவ்ஸான் என்னைப் பார்த்த பார்வையில், என் உளவு வேலையும் அந்தப் பருவத்தோடு முடிந்தது.

அவன் எழப்போனபோது அத்தை, "உக்காரு," என்றாள். "சாவியை எப்ப திருப்பித் தரணும்? சொல்லு பாப்போம்."

"டாக்டர் சரின்னு சொன்னதும்."

"நீ சரின்னு சொன்னதுமா, டாக்டர் சொன்னதுமா?"

"டாக்டர் சொன்னதும், உம்மா."

"இன்னொரு தடவை."

அவன் இன்னொரு தடவை சொன்னான். முப்பத்தைந்து வயது ஆண், தனக்குக் கீழே ஒரு அலுவலகத்தையே வைத்திருப்பவன்.

குளிர் தொடங்கும் சமயம் அன்ஃபால் சரி என்றாள். ஃபவ்ஸான் ஓட்டுநரைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். அத்தை கையை மட்டும் நீட்டினாள். சாவி வந்துவிட்டது. அவன் மாமனார் இந்தச் செய்தியைக் கேட்டு, அந்த மருத்துவரின் முகவரியைக் கேட்டு அனுப்பியிருக்கிறாராம்.

முதல் பயணம் கைரானுக்கு இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்து, அத்தை விரலைக் குத்தி எண்ணைப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். செய்தித்தாளை எடுத்து என் மடியில் போட்டாள்.

"எனக்கு வேர்த்தா நீ என்ன பண்ணுவ?"

"நிறுத்தச் சொல்வேன். ஜூஸ் தருவேன்."

"தண்ணி?"

"தண்ணி கிடையாது."

"ஆம்புலன்ஸ் நம்பர்?"

எங்கள் ஊர் எண்ணைச் சொன்னேன். அவள் உடனே வண்டியை எடுக்கவில்லை. நான் இடையில் சேர்ந்திருந்த ஓட்டுநர் பள்ளியில் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இரண்டாம் முறையும் தோற்றுவிட்டேன் என்றேன். அவள் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

முன்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஜூஸ் வரிசையாக நின்றது. பக்கத்தில் நாடா கட்டிய புது ரஹஷ் டப்பா. நான் அவளைப் பார்த்தேன்.

"அதைத் தொடாத. அது எனக்கில்ல," என்றாள் அத்தை, பேரீச்சை மரத்தை ஒட்டி அங்குலம் அங்குலமாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தபடி. "துமாதிருக்கு. பாவம், அவ கண்ணு மேல எவ்வளவு பழி போட்டேன்."

தெருமுனை திரும்பியதும் இன்னொன்றும் சொன்னாள். துமாதிர் வாசலில் நின்று வண்டியைப் பார்த்து ஏதாவது புகழ ஆரம்பித்தால், அவள் மறந்தாலும் நான் உடனே மாஷா அல்லாஹ் சொல்லிவிட வேண்டுமாம். மாத்திரை வேறு, கண்ணேறு வேறு.

"சொல்லு பாப்போம், என்ன சொல்லுவ?"

சொன்னேன்.

"இன்னொரு தடவை."